காலத்தைச் சமமாக அறுக்கலாமா?

எண்கள் பொய் சொல்வதில்லை என்பர். ஆயின், எண்களை அடுக்குவோர் தாம் அறியாமலே பொய் சொல்லிவிடுதல் கூடும். சீரற்ற இடைவெளிகளிற் கிடைத்த தரவுகளைச் சமமான காலக் கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றையும் ஒரு சராசரியால் நிரப்பும் வழக்கம் எமது கலைப்பீட ஆய்வேடுகளில் வேரூன்றியுள்ளது. இலங்கையின் குடிசன மதிப்பீட்டினை முன்வைத்து இவ்வழக்கத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1871 முதல் 1931 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட மதிப்பீடு, அதன்பின் 1946, 1953, 1963, 1971, 1981, 2001, 2012, 2024 என ஒழுங்கின்றியே நிகழ்ந்தது. இடைவெளி ஏழாண்டாகவும் இருந்தது, இருபதாண்டாகவும் இருந்தது. அட்டவணையின் அழகுக்காக இவற்றைச் சமமான பெட்டிகளுள் அடைக்கும்போது விளைவது யாது?

1931இல் ஏறத்தாழ 53 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1946இல் 66½ இலட்சமாயிற்று. பதினைந்தால் வகுத்தால், ஆண்டுதோறும் 90,000 பேர் பெருகினர் எனும் விடை கிடைக்கும். 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டதும், 1935இல் பிறப்புக்களினும் இறப்புக்கள் மிகுந்ததும் அவ்விடையில் இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுகள் ஆண்டுதோறும் பேணப்பட்டமையாலேயே அவ்வுண்மையை நாம் அறிகிறோம்.

பதிவுகளே குலைந்த இடத்தில் நிலைமை இதனினும் கொடியது. 1981இன் பின்னர் 2012 வரை வட மாகாணம் முழுவதிலும் குடிசன மதிப்பீடு நிகழவில்லை. 2001இல் 25 மாவட்டங்களுள் 18இலேயே அது முழுமையாக நடைபெற்றது. வட மாகாணத்தின் தொகை 1981இல் சுமார் 11 இலட்சத்து 9 ஆயிரம். 2012இல் சுமார் 10 இலட்சத்து 61 ஆயிரம். முப்பத்தொன்றால் வகுத்தால் ஆண்டுக்கு 1,500 பேரளவில் குறைவு. 1983 ஜூலைக்குப் பின் நாட்டைவிட்டுச் சென்றோரும், 1990இல் விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995இல் வலிகாமத்தினின்று பெயர்ந்தோரும், 2009இல் வன்னியில் மாண்டோரும் இச்சிறு எண்ணினுள் கரைந்துபோகின்றனர். கோடு சீராகச் சரிகிறது. மக்கள் அவ்வாறு சீராகக் குறையவில்லை.

சமமான காலக் கூறுகள் இன்றி ஒப்பீடு எங்ஙனம் இயலும் எனச் சிலர் வினவுவர். ஆண்டு வளர்ச்சி வீதம் ஒப்பீட்டுக்கு உதவும் என்பதை யாமும் மறுக்கவில்லை. ஆயின், இரு மதிப்பீடுகளுக்கு இடையே நாம் அறிந்த மாற்றம் ஒன்றே. அதனை முப்பத்தொரு துண்டாக்கினால் முப்பத்தொரு தரவுகள் பிறந்துவிடா. அத்துண்டுகளை மழைவீழ்ச்சியுடனோ நெல் விளைச்சலுடனோ பொருத்தித் தொடர்பு காண்பவர், தமது வகுத்தற் கணக்கையே ஆராய்கின்றார்.

ஆகவே, நாம் வேண்டுவன மூன்று. ஒவ்வொரு காலக் கூற்றிலும் உண்மையில் எத்தனை தரவுகள் உள்ளன என்பது அட்டவணையிலேயே காட்டப்படல் வேண்டும். கூறுகளின் எல்லைகளைப் பஞ்சாங்கத்தின் பத்தாண்டுகள் அன்றி, கொள்ளைநோய், போர், இடப்பெயர்வு என்பனவே வகுத்தல் வேண்டும். தரவு இல்லாத கட்டம் வெறுமையாகவே விடப்படல் வேண்டும். எண்ணப்படாத மக்கள் இருந்தனர் என்பதற்கு அவ்வெறுங் கட்டமாவது சான்றாக நிற்கட்டும்.