ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி

2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுச்சபை, 2030ஆம் ஆண்டுப் போட்டிகளை அகமதாபாத்துக்கு வழங்கியது. 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்தியா 2024 அக்டோபரிலேயே கடிதம் அனுப்பிவிட்டது. இவ்விரண்டு முடிவுகளுக்கும் முன்பாக அந்நகர மக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை. கேள்வி எழுப்புவோருக்கோ ‘நாட்டின் பெருமையைப் பொறுக்காதவர்கள்’ என்ற பட்டம் காத்திருக்கிறது.

பிற நகரங்கள் இக்கேள்வியை இவ்வளவு எளிதில் கடந்துவிடவில்லை. செலவுப் பற்றாக்குறைக்கு நகரின் வரிப்பணத்தைப் பிணையாக வைக்க மேயர் மறுத்த நிலையில், 2015 ஜூலையில் பாஸ்டனின் ஒலிம்பிக் முயற்சி கைவிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஹாம்பர்க் வாக்காளர்களில் 51.6 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். 2017இல் வாக்கெடுப்புக் கோரி இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டதும் புடாபெஸ்ட் போட்டியிலிருந்து விலகியது. மாறாக, 2025 அக்டோபரில் மியூனிக் மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவாக வாக்களித்தனர். ஆகவே, வாக்கெடுப்பைக் கோருவது விளையாட்டை எதிர்ப்பதாகாது. விலை கொடுக்கப்போகிறவரிடம் விலையைச் சொல்லிச் சம்மதம் கேட்பது மட்டுமே அது.

இந்தியாவில் அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்கு ஆவணங்கள் உள்ளன. 1982 ஆசிய விளையாட்டுக்கான கட்டுமானங்களில், நாளொன்றுக்கு 9.25 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கூலியிலிருந்து ஒரு ரூபாயை இடைத்தரகர்கள் பிடித்துக்கொண்டனர். மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான சங்கம் தொடுத்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் தீர்ப்பு அது. ஆயினும் 2010 காமன்வெல்த் போட்டிகளின்போது, தொழிலாளர் உரிமை மீறல்களுக்காக அதே சங்கம் மீண்டும் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. அப்போட்டிகளுக்கான அரசுச் செலவு மதிப்பீட்டைத் தணிக்கை அறிக்கை 18,532 கோடி ரூபாயாகக் கணக்கிட்டது. பட்டியல் சாதியினர் நலனுக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து பல நூறு கோடி ரூபாய் அதற்குத் திருப்பிவிடப்பட்டது. அது தவறென்று அன்றைய உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அகமதாபாத்துக்கும் இத்தகைய நினைவுகள் உண்டு. சபர்மதி ஆற்றங்கரைத் திட்டத்துக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் விளிம்புகளுக்குப் பெயர்க்கப்பட்டன. 2020இல் மொடேரா அரங்குக்கு அமெரிக்க அதிபர் வந்தபோது, அவர் செல்லும் வழியிலிருந்த குடிசைப் பகுதியின் முன்னே சுவரெழுப்பினார்கள். விருந்தினரின் கண்ணுக்குப் படக்கூடாதவர்களின் கருத்து மட்டும் எப்படிக் காதில் விழும்?

நம் நாட்டில் எதிர்ப்பு இல்லாமலில்லை. ஒப்பந்தம் முடிந்து, இடிப்பு இயந்திரம் வாசலுக்கு வந்த பிறகே அதற்கு வழி கிடைக்கிறது. அப்போது நீதிமன்றம் இழப்பீட்டைப் பற்றிப் பேசலாம். போட்டி தேவையா என்ற கேள்வி காலாவதியாகிவிட்டிருக்கும்.

ஆய்வுலகமும் இதில் குற்றமற்றதன்று. வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றி வெளியேற்றத்துக்குப் பின் கட்டுரை எழுதுவதில் நாம் தேர்ந்தவர்கள். அந்தப் பிரேதப் பரிசோதனை போதும். 2036க்கான முடிவு இன்னும் எட்டப்படவில்லை. பொதுப்பணத்தின் மீது தரப்படும் உத்தரவாதங்கள், கையகப்படுத்தவிருக்கும் நிலங்களின் பட்டியல், மறுவாழ்வுத் திட்டம் ஆகியவை கையெழுத்துக்கு முன்பே குஜராத்தியில் வெளியிடப்பட வேண்டும். 74ஆவது அரசமைப்புத் திருத்தம் வகுத்துள்ள வார்டுக் குழுக்களில் அவை விவாதிக்கப்பட வேண்டும். பிறகு நகரமே வாக்களிக்கட்டும். தகவல் உரிமை மனுக்களை எழுதவும், வரவுசெலவைப் படித்து எளிய மொழியில் விளக்கவும் பயிற்சி பெற்றவர்கள் நாம். அப்பயிற்சி அம்மக்களுக்குப் பயன்பட வேண்டிய காலம் இதுவே.