ஒட்டகத்தைக் கட்டியபின் தவக்குல்



1965 மார்ச் 18. சோவியத் வீரர் அலெக்சி லியோனோவ், வாஸ்கோத்-2 கலத்தினின்று வெளியேறி விண்வெளியில் மிதந்த முதல் மனிதரானார். கயிறு ஒன்றே அவரைக் கலத்துடன் பிணைத்திருந்தது.

ஏறத்தாழ 12 நிமிடங்கள் கழித்துத் திரும்பும் வேளையில்தான் சோதனை வந்தது. காற்றற்ற வெளியில் அவருடைய உடை உப்பி விறைத்துவிட்டது. விரல்கள் கையுறையின் நுனியை எட்டவில்லை. குறுகிய வாயிலுள் நுழைய இயலவில்லை. உடைக்குள்ளிருந்த காற்றழுத்தத்தை அளவு மீறிக் குறைத்தால் உயிருக்கு ஆபத்து. குறைக்காவிடினோ உள்ளே செல்ல வழியில்லை. நிதானம் இழவாது, சிறிது சிறிதாகக் குறைத்துத் தலை முன்னாக நுழைந்து உயிர் தப்பினார்.

மறுநாள் தானியங்கி இறக்கக் கருவியும் பழுதுபட்டது. தோழர் பாவெல் பெல்யாயெவ் கலத்தைத் தம் கையாலேயே இயக்கி இறக்கினார். உரால் பகுதியின் பனிக்காட்டில் இருவரும் இரண்டு இரவுகளைக் கழித்தனர்.

சிந்தியுங்கள்! அவர்களைக் காத்தது பயிற்சியும் பதறாத அறிவும் அல்லவா? ஒட்டகத்தைக் கட்டியபின் தவக்குல் வைக்குமாறு கற்பித்தார்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். முயற்சி நம் கடமை. முடிவு அல்லாஹ்வின் நாட்டம். தேர்விலோ தொழிலிலோ இடர் கண்டு கலங்கும் நம் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துரைப்பீர்களாக!