மாஸ்ரர் என்ற சொல்

பலாப்பழக் காலத்தில் சாவகச்சேரிச் சந்தைக்குள் போகவேண்டியதில்லை. கண்டி வீதியில் நின்றாலே வாசம் வந்துவிடும். அங்கே பழம் விற்கிற ஒருவருக்கு அறுபது வயதிருக்கும். கத்திக்கு எண்ணெய் பூசிப் பழத்தைப் பிளந்து, ஒரு சுளையைக் கையில் வைத்து, "சாப்பிட்டுப் பாத்திட்டு வாங்குங்கோ சேர்" என்பார். மழை பெய்த ஒரு பின்னேரம், சந்தையில் சனம் இல்லை. குளிருகிறது என்று சொன்னேன். "இதென்ன குளிர்" என்றவர், நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு குளிரைச் சொல்லத் தொடங்கினார்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இந்தியா ஈழ இயக்கங்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது. டேராடூனுக்கு மேலே, மலையிலுள்ள சக்ராத்தா அதற்கு முக்கியமான இடம். தென்மராட்சி வெயிலில் வளர்ந்த பொடியன் ஒருவன் இரவில் வள்ளமேறி, பிறகு நாட்கணக்காக ரயிலில் இருந்து, மூடின லொறியில் அந்த மலைக்குப் போய் இறங்கினான். விடியற்காலை குழாயில் தண்ணீர் உறைந்து கிடக்குமாம். விசில் ஊதினால் எழும்பவேண்டும், கைவிரல் மடங்காது. மடங்காத விரலோடு துவக்கைப் பிடித்து மலையேற்றம். சொல்லிக்கொடுப்பவரின் பாஷை விளங்காது. விளங்காததற்கும் தண்டனை உண்டு. "அதெல்லாம் தாங்கலாம் சேர். மூண்டு நேரமும் ரொட்டி. சோறு எண்டு கேட்டு அழுதவன் இருக்கிறான். அடிச்சதுக்கு அழேல்ல, சோத்துக்கு அழுதவன்."

அழுதது வேறு யாரோ என்பதுபோலத்தான் சொன்னார். எந்த இயக்கம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 1986இல் இயக்கத்தை இயக்கம் சுட்ட நாட்களுக்குப் பிறகு, இந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது ஒரு மரியாதை.

அவரையும் சேர்த்து, முன்பு இயக்கங்களில் இருந்த ஏழெட்டுப் பேரோடு இந்த இரண்டு மூன்று வருடத்தில் பேசியிருக்கிறேன். சண்டையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் சொன்னது றெயினிங்கைப் பற்றித்தான். சொறி சிரங்கைச் சொன்னார்கள். ஒரே சாரத்தை மாற்றி மாற்றி உடுத்தியதில் ஒருவனுக்கு வந்தது முகாம் முழுக்கப் பரவி, நடக்க முடியாமல் காலை அகட்டி அகட்டி ஓடியதைச் சொன்னார்கள். துவக்குக்குப் பதிலாகக் கொட்டனைக் கொடுத்து, அதை ஒரு கணம் கீழே வைத்தாலும் முழங்காலில் மைதானத்தைச் சுற்றவிட்டதைச் சொன்னார்கள். இயக்கங்கள் வேறு, வருடங்கள் வேறு, காடும் மலையும் வேறு. கொட்டன் மட்டும் எல்லாருடைய கதையிலும் வந்தது.

தஞ்சாவூர் மாவட்டத்து ஒரத்தநாட்டில் புளொட் இயக்கம் வைத்திருந்த முகாம்களில் பெருந்தொகையானவர்கள் அப்படிக் கொட்டனோடு காத்திருந்தார்கள். கேள்வி கேட்டவர்கள் அங்கே சொந்த இயக்கத்தின் கையாலேயே வதைபட்டார்கள். அதிலிருந்து வெளியேறிய கோவிந்தன் 1985இலேயே 'புதியதோர் உலகம்' என்று நாவலாக எழுதிவிட்டார். புலிகளின் பயிற்சிப் பாசறையைக் குணா கவியழகனின் 'நஞ்சுண்டகாடு' சொல்கிறது. இரண்டும் நாவல்கள் என்பதை யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகள் பட்டதைச் சொல்வதற்குக் கதை என்ற போர்வை தேவைப்பட்டிருக்கிறது.

வரணிப் பக்கம் வீட்டிலிருந்து தையல் தைக்கிற ஒரு பிள்ளை இருக்கிறாள். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவளைப் பிள்ளை என்று சொல்வது எங்கள் ஊர்ப் பழக்கம். குடும்பம் வன்னியில் இருந்தபோது, புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்த காலத்தில் அவளைக் கொண்டுபோனார்கள். முதல்நாளே தலைமயிரைக் கட்டையாக வெட்டினார்கள். ஓடினால் அடையாளம் தெரியுமாம். மழைக்காலம். பங்கருக்குள் முழங்கால் தண்ணீர். மாதவிலக்கு நாட்களிலும் அந்தச் சேற்றில்தான் குறோலிங். இதைச் சொல்லும்போது அவள் மெசினை நிறுத்தவில்லை, துணியைப் பார்த்தபடியே சொன்னாள். 2009க்குப் பிறகு புனர்வாழ்வு என்று ஏறத்தாழ 12,000 பேரை அரசாங்கம் வைத்திருந்ததே, அதற்குள்ளும் இருந்துவிட்டு வந்தாள். "அங்கேயும் விசில்தான் சேர். அங்கேயும் வரிசைதான்." இன்றைக்கும் நாலரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. பிள்ளைகள் விளையாட்டுக்கு வாங்கிவந்த விசிலை அடுப்பில் போட்டாளாம்.

இனி ஓட்டோக்காரர் ஒருவர். நான் எழுத உட்கார்ந்ததே அவரால்தான்.

1989இன் பிற்பகுதி. இந்திய அமைதிப்படை திரும்பிப் போவது முடிவாகிவிட்டிருந்தது. அதற்கு முன் 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்று ஒன்றை உருவாக்க, அமைதிப்படையோடு நின்ற இயக்கத்தினர் வடக்குக் கிழக்கு முழுக்கத் தெருவில் போன பொடியன்களைப் பிடித்தார்கள். பிள்ளை பிடிகாரன் வருகிறான் என்று குழந்தைகளுக்குச் சொல்லும் பழைய பயமுறுத்தல் அந்த மாதங்களில் உண்மையானது. தாய்மார் பொடியன்களை அறைக்குள் பூட்டினார்கள், பெண்பிள்ளையின் சட்டையைப் போட்டுப் படுக்கவைத்தார்கள், நகையை விற்றுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அவருக்கு அப்போது பதினாறு. ரியூசனுக்குப் போன சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு வாகனத்தில் ஏறச்சொன்னார்கள். மொட்டை அடித்தார்கள். பன்னிரண்டு நாள் றெயினிங். தண்ணீர் கேட்டவனை மத்தியான வெயிலில் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கவைத்தார்கள். ஓடிவிடாதபடி இரவில் இரண்டிரண்டு பேராகக் காலைச் சேர்த்துக் கட்டினார்கள். "என்னோட கட்டின பொடியன் பயத்தில மூத்திரம் பெஞ்சிட்டான். ரெண்டு பேரும் அதிலதான் படுத்தது. விடிய அவன் என்னைப் பாக்கேல்ல, நானும் அவனைப் பாக்கேல்ல." 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் போகுமுன்னரே அவர் ஒரு கிணற்றடியிலிருந்து ஓடித் தப்பியவர்.

யாழ்ப்பாணத்தில் ஆசிரியரை மாஸ்ரர் என்பார்கள். ஊரில் பெரும்பாலானவர்களுக்கு நான் மாஸ்ரர்தான். இந்த ஓட்டோக்காரர் ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது. இயக்கங்களில் பயிற்சி கொடுப்பவருக்கும் அதே பெயர். "அந்தச் சொல்லு வாயில வராது சேர். குறை நினைக்காதேங்கோ."

நான் எப்படிக் குறை நினைப்பேன்? 1989இல் நான் இளம் ஆசிரியன். பத்தாம் வகுப்பு இடாப்பு என் பொறுப்பு. அந்தக் கார்த்திகையில் ஒவ்வொரு கிழமையும் இடாப்பில் வராதவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். நான் சிவப்புப் பேனையால் கோடு போட்டுக்கொண்டே போனேன். ஒரு வீட்டுக்கும் போய் உங்கள் பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை. பயம். எனக்குப் பயம் இருந்ததை மன்னிக்கலாம். பயம் போன பிறகும் முப்பது வருடத்துக்கு மேல் கேட்காமல் இருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேறு நாடுகளில் கேட்டிருக்கிறார்கள். 1956 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் பாரிஸ் ஐலண்ட் மரைன் பயிற்சித் தளத்தில் ஒரு பயிற்றுநர் தன் அணியைச் சேற்று ஓடைக்குள் இறக்கி நடத்தினார். ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். அவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், பயிற்சி முறையையும் மாற்றினார்கள். எங்கள் ஊரில் பொடியன்கள் பிடிபட்ட அதே 1989இல், சோவியத் ஒன்றியத்தில் படைவீரர்களின் தாய்மார் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். முகாமுக்குள் தங்கள் பிள்ளைகளை மூத்த சிப்பாய்கள் வதைப்பதைத் தட்டிக்கேட்பதற்காக அமைத்த குழு அது. அரசாங்கப் படை என்றால் கதவைத் தட்டிக் கேட்க ஒரு கட்டடமாவது இருக்கும். எங்கள் பிள்ளைகளைத் தண்டித்த மாஸ்ரர்மாரில் பலர் செத்துப்போனார்கள். முகாம் இருந்த இடத்தில் காடு வளர்ந்துவிட்டது. பட்டவர்களோ புலனாய்வுக்காரருக்குப் பயந்து நாலு பேராகக்கூடச் சேர்ந்து இருந்து கதைப்பதில்லை. பழக்கடைக்காரரும் ஓட்டோக்காரரும் நாள்தோறும் முகம் பார்ப்பவர்கள். ஒருவருக்கு மற்றவருடைய கதை தெரியாது.

போன மாதம் ஓட்டோக்காரரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தேன். "நினைவில இருக்கிறதை எழுதுங்கோ தம்பி. பெயர் போடவேண்டாம். எனக்குக் காட்டவும் வேண்டாம்." மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டு வாசலில் ஓட்டோவை நிறுத்தி, இறங்காமலே நீட்டினார்.

முதல் பக்கம் மட்டும் எழுதியிருந்தது. செங்கல்லும் இல்லை, கட்டின கயிறும் இல்லை. அன்று அவரோடு அந்த வாகனத்தில் ஏற்றப்பட்டவர்களின் பட்டியல். இலக்கம் போட்டு, பெயரும் ஊரும் எழுதி, நான் இடாப்பு எழுதுவதைப் போலவே கோடு கிழித்திருந்தார். பதினொரு வரி. ஒன்பதில் பெயர் இருந்தது. பத்தாவது வரியில் 'மட்டுவில் பொடியன், கண்ணாடி போட்டவன்' என்று இருந்தது. பதினோராவதில் 'என்னோட கட்டினவன்' என்று மட்டும் எழுதி, ஊருக்கு விட்ட இடம் வெறுமையாக இருந்தது.