தற்சார்பும் தகுதியும்

தம் வீட்டுப் பணியைத் தம் கையாலேயே முடிப்பது பெருமைக்குரியது. ஆயினும் எப்பணிக்கும் ஓர் எல்லை உண்டு. மின்பணியில் அவ்வெல்லையைச் சட்டமே வரைந்துள்ளது.

விளக்கு, விசிறி, உருகி, சொடுக்கி முதலியவற்றை, மின்னமைப்பின் கொள்ளளவும் தன்மையும் மாறாவண்ணம் மாற்றுதற்கு மட்டும் விலக்களித்து, ஏனைய பணிகளை உரிமம் பெற்றவரே தகுதிச் சான்றுடையார் மேற்பார்வையில் செய்தல் வேண்டுமென 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வகுத்தன. 2010, 2023-ஆம் ஆண்டுகளின் ஒழுங்குமுறைகளும் அந்நெறியையே தொடர்ந்தன.

உருகி அறுந்தவுடன் தடித்த செப்புக்கம்பியைச் சுற்றிவிடுவார் பலர். மிகைமின்னோட்டத்தில் அறுவதே உருகியின் கடமை! அஃது அறாதாயின் சுவருக்குள் ஓடும் கம்பி சூடேறும், உறை உருகும், தீப்பற்றும். 'எர்த்து' எனும் நிலக்கம்பி இல்லாத வீட்டில், மாவரைக்கும் பொறியின் இரும்புடலில் மின்கசிந்தால், 230 வோல்ட் அழுத்தத்தில் மின்னோட்டம் ஈரக்கை வழியே பாயும். அதனைத் தொடுபவர் கம்பி பொருத்திய 'வல்லவர்' அல்லர். ஏதுமறியாத தாயும் மகளுமே!

கூலி எஞ்சும் என்பார் சிலர். மலிந்த கூலிக்குச் சான்றிலாரை அழைப்பார் சிலர். இரண்டும் ஒரே பிழை. தமிழகத்தில் மின்கம்பியாளர்க்குத் தகுதிச் சான்று வழங்க அரசின் உரிம வாரியம் உண்டு. சான்று கேட்பது இழிவன்று, நம் உரிமை. கற்றவர் கைக்குரிய கூலியைக் குறையாது கொடுப்பது தொழிலறிவுக்கு நாம் தரும் மதிப்பு.

தமிழ்மக்களே! முதன்மைச் சொடுக்கியை நிறுத்தி விளக்கை நாமே மாற்றுவோம். சுவர்க்கம்பியை வல்லாரிடம் விடுவோம். கொடுத்த கூலியை மீண்டும் ஈட்டலாம். போன உயிரை ஈட்டல் ஒல்லுமோ?