கண்ணீரைப் பாடினோம், ஒப்பந்தத்தைப் படித்தோமா?

அண்மையில் எமது பிரதேசத்தில் நடைபெற்ற ஒரு நூல் வெளியீட்டு விழாவில் சிறப்புரையாற்ற வந்திருந்த இலக்கியவாதி ஒருவர், "பணிப்பெண் கதைகள் புளித்துப் போய்விட்டன. நம்மவர்கள் இனி வேறு எதையாவது எழுதட்டும்" என்றார். சபை கைதட்டியது. பின்வரிசையில் இருந்த நான் கைதட்டவில்லை. ஆனாலும் அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதை வீடு வந்து சேரும்வரை எண்ணிக்கொண்டே வந்தேன்.

புளித்தது உண்மைதான். நாற்பது வருடங்களாக நாம் எழுதியது ஏறக்குறைய ஒரே கதை. உம்மா விமானம் ஏறுகிறாள், பிள்ளை அழுகிறது, வாப்பா வந்த காசை அழிக்கிறார், அரபி வீட்டில் சூடு வைக்கிறார்கள், கடைசியில் ஒரு பெட்டி வருகிறது. வில்லன் அரபி, அல்லது கணவன். மேடைப் பேச்சாளர்களுக்கோ மஹ்ரம் இல்லாமல் போன அந்தப் பெண்ணே குற்றவாளி. இந்த இரண்டு கதைகளிலும் ஒருவர் மட்டும் தப்பிவிடுகிறார். அவளை வேலைக்குப் பிடித்துக் கொடுத்தவர்.

அவரைப் பற்றி நாம் ஏன் எழுதவில்லை? அவர் எங்கள் ஊர்க்காரர். அதுதான் காரணம்.

வேலைக்கு ஆள் எடுக்கும் முறையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். றியாதிலோ குவைத்திலோ ஒரு வீட்டுக்காரர் அங்குள்ள முகவர் நிலையத்திற்குப் போகிறார். படமும் வயதும் மார்க்கமும் எழுதிய கோவைகளைப் புரட்டி ஒருத்தியைத் தெரிவு செய்து, பெருந்தொகையொன்றைக் கட்டுகிறார். அந்தத் தொகையில் ஒரு பங்கு கொழும்புக்கு வருகிறது. அதிலொரு பங்கு ஊரிலுள்ள சப் ஏஜென்டின் கைக்கு வருகிறது. மிஞ்சியதில் கொஞ்சம் அந்தப் பெண்ணின் வீட்டிற்கு வருகிறது. ஆண்பிள்ளை வெளிநாடு போவதென்றால் அவன் ஏஜென்சிக்குக் காசு கட்ட வேண்டும். பெண் வீட்டு வேலைக்குப் போவதென்றால் ஏஜென்சி அவள் வீட்டிற்குக் காசு கொடுக்கிறது. இதை நாம் பெரிய சலுகை என்றே எண்ணியிருந்தோம்.

அந்தக் காசு கை மாறிய இடத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது. முற்பணம் கொடுத்த வீட்டுக்காரர் தாம் ஒரு வேலையாளை அமர்த்தியதாக நினைப்பதில்லை, வாங்கியதாகவே நினைக்கிறார். கடவுச்சீட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டுவதும் அதனால்தான். மூன்றாம் மாதம் அவள் "ஊருக்கு அனுப்புங்கள்" என்று கேட்டால், "நான் கட்டிய காசைத் தந்துவிட்டுப் போ" என்கிறார். கபாலா முறையில் அவளது விசா அவர் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. வீட்டை விட்டு ஓடினால், சவூதியில் 'ஹுரூப்' என்று ஒரு முறைப்பாடு போதும். சம்பளம் கிடைக்காத பெண் குற்றவாளியாகிவிடுவாள்.

சட்டங்கள் மாறவில்லையா என்று கேட்கலாம். மாறியுள்ளன. குவைத் 2015இலும் ஐக்கிய அரபு அமீரகம் 2017இலும் வீட்டுப் பணியாளருக்கெனச் சட்டம் கொண்டுவந்தன. ஆனால் 2021இல் சவூதி தொழிலாளர் வேலை மாறுவதை இலகுவாக்கியபோது வீட்டுப் பணியாளரை அதில் சேர்க்கவில்லை. சட்டம் இருந்தாலும் ஒரு வீட்டின் குசினிக்குள் எந்தத் தொழில் அதிகாரி நுழைவார்? எல்லா அரபு வீடுகளும் கொடுமை வீடுகளல்ல. உழைத்து வந்து கல்வீடு கட்டிய பெண்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். "நல்ல கபீல் கிடைப்பது நஸீபு" என்று அவர்களே சொல்கிறார்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் சம்பளம் நஸீபைப் பொறுத்த விடயமாக இருக்கலாமா?

இனி எங்கள் பங்குக்கு வருகிறேன். 2005இல் மூதூரிலிருந்து சவூதிக்குப் போன றிஸானா நபீக்கிற்கு 17 வயது. அவளது கடவுச்சீட்டில் 23. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது நாடெங்கும் கவிதைகள் எழுதப்பட்டன. நானும் ஒன்று எழுதினேன். அதில் பாலைவனம் இருந்தது, வாள் இருந்தது. அவளது வயதில் ஆறு வருடங்களைக் கூட்டிய பேனா இல்லை. அந்தப் பேனா எங்கள் நாட்டுப் பேனா.

எழுத எனக்குத் தைரியம் வராததற்குக் காரணம் உண்டு. 2004இல், ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளியேறிய புதிதில், பத்தாம் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் மாமா விடுகைப் பத்திரம் கேட்டு வந்தார். "பிறந்த வருஷத்த கொஞ்சம் பாத்து எழுதுங்க சேர்" என்றார். நான் மறுத்தேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் அந்தப் பிள்ளையின் கதிரை வெறுமையாக இருந்தது. யார் ஏற்றினார் என்பது எனக்குத் தெரியும். பாடசாலை மதிலுக்குச் சீமெந்து தந்தவர். அந்த வருட நோன்பில் அவர் வீட்டில் இப்தாருக்கு நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை உயிரோடு திரும்பி வந்தது, அல்ஹம்துலில்லாஹ். இரண்டு வருட வேலைக்கு ஒன்பது மாதச் சம்பளம் கிடைத்ததாம். இன்றும் வீதியில் கண்டால் ஸலாம் சொல்கிறாள். பதில் சொல்லும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

பெண்களைப் போகவிடாமல் தடுத்தால் தீர்ந்தது என்போருக்கு ஒரு வார்த்தை. 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது, சவூதிக்குப் போகும் பணிப்பெண்ணின் வயதெல்லையை 25ஆக உயர்த்தியது. சப் ஏஜென்டிடம் எந்த அறிக்கையும் கேட்கவில்லை. சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அகப்பட்ட பெண்களின் கதை 2022இல் வெளிவந்தது. நாட்டுக்கு டொலர் இல்லாமற்போன அதே வருடத்தில் வயதெல்லையும் 21க்கு இறங்கியது.

பிலிப்பைன்ஸ் வேறு வழியில் போனது. 2006இல் தன் நாட்டுப் பணிப்பெண்ணுக்கு மாதம் 400 டொலர் குறைந்தபட்சச் சம்பளம் என்றது. 2018இல் குவைத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணின் உடல் உறைபெட்டியொன்றில் கண்டெடுக்கப்பட்டபோது ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கடவுச்சீட்டையும் கைத்தொலைபேசியையும் வீட்டுக்காரர் பறித்து வைக்கக்கூடாது என்ற உடன்பாட்டில் அதே வருடம் குவைத்தின் ஒப்பத்தைப் பெற்றது. அங்கும் துயரம் தீரவில்லை. ஆனாலும் அவர்கள் ஒப்பந்தத்தின் மேல் கை வைத்தார்கள். நாம் பெண்ணின் மேல் கை வைத்தோம்.

ஆகவே, விழா மேடையில் பேசிய அந்தச் சகோதரருக்குச் சொல்கிறேன். பணிப்பெண் கதை இன்னும் எழுதப்படவில்லை. முற்பணத்தை எண்ணிக் கொடுக்கும் கையை எழுதுங்கள். அறபு மொழியிலான ஒப்பந்தத்தில் வாசிக்காமல் வைக்கப்படும் கைந்நாட்டை எழுதுங்கள். நிருவாக சபையின் முன்வரிசையில் இருக்கும் சப் ஏஜென்டை எழுதுங்கள். பிறந்த திகதியைத் திருத்திய எழுதுவினைஞரையும், தெரிந்திருந்தும் வாய்மூடி இருந்த வாத்தியாரையும் எழுதுங்கள். அந்த வாத்தியாரை எழுத நான் தொடங்கிவிட்டேன்.