ஒழுகுவது எண்ணெய் மட்டுமா?

ஒரு பொருள் பழுதுபட்டால் அதைச் செப்பனிடுவதே முறை என்று நம் பாட்டன்மார் எண்ணினர். பழுதுபட்டால் அதைப் பட்டியலில் சேர்ப்பதே முறை என்று நாம் எண்ணுகிறோம். 'கழித்துவிட வேண்டிய பொருள்கள்' என்னும் அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் நீண்டுகொண்டே போகிறது. அதில் இடம்பெற்ற பொருளுக்கு நேர்ந்த குறை என்ன என்று கேட்பாரும் இல்லை. கேட்டால் விடை சொல்வாரும் இல்லை.

நம் மன்றத்தின் இதழில் கவிதை வரும், கதை வரும், இலக்கிய ஆராய்ச்சி வரும். அவற்றின் நடுவே ஓர் உழவு யந்திரத்தின் அச்சைப் பற்றி எழுதப் புகுந்தவனைக் கண்டு நண்பர்கள் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். நகைத்து முடித்தபின் சற்றுப் பொறுமையோடு படிக்கட்டும் என்பதே என் விண்ணப்பம்.

நம் வளாகத்துச் சோதனைத் தோட்டத்தில் பழைய பவர் டில்லர் ஒன்று இருக்கிறது. இரண்டே சக்கரமும் நீண்ட இரு கைப்பிடிகளும் உடைய சிறு உழவு யந்திரம் அது. எனக்கு வயது 23; அதற்கு என்னைவிடக் கூடுதல். அண்ணன் என்றே அழைக்கலாம்! சென்ற ஆண்டு அந்த அண்ணனின் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது. செய்த குற்றம் என்ன? சக்கரத்தருகே எண்ணெய் ஒழுகுகிறது. அவ்வளவுதான்.

தோட்டத்தைப் பேணும் பெரியவரை நாமெல்லாம் 'மாலிஜி' என்று அழைக்கிறோம். அவர் என்னிடம், "எஞ்சின் நன்றாக இருக்கிறது, பேட்டா. கியர் நன்றாக இருக்கிறது. ஒரு வளையம் தேய்ந்ததற்காகவா ஏலம்?" என்று கேட்டார். புதிய யந்திரம் வாங்கப் பணம் எப்போது ஒதுக்கப்படும் என்பது எவருக்கும் தெரியாது. அதுவரை அறுபதை நெருங்கும் அந்த மனிதர் மண்வெட்டியால் பாத்தி கொத்த வேண்டும். பட்டியல் எழுதியவர்க்கு இது தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் அந்த ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியிருப்பாரா?

இனி, அந்த வளையம் என்ன என்று பார்ப்போம். கடைத்தெருவில் அதற்கு 'ஆயில் சீல்' என்று பெயர். கியர் பெட்டிக்குள்ளிருந்து அச்சு வெளியே வரும் வாயிலில் அது காவல் நிற்கிறது. உள்ளே உள்ள எண்ணெயை வெளியே விடக் கூடாது. வெளியே உள்ள சேற்றையும் நீரையும் உள்ளே விடக் கூடாது. காவலன் அயர்ந்தால் எண்ணெய் வெளியேறுவது மட்டும் அன்று. நீர் உள்ளே புகுந்து எண்ணெய் மோர் போல் வெளுத்துவிடும். பிறகு பேரிங்கும் பல்சக்கரமும் கெட எத்தனை நாள் ஆகும்?

எஃகு வளையம் ஒன்று. அதில் பதித்த ரப்பர் உதடு ஒன்று. அந்த உதட்டை அச்சின்மேல் அணைத்துப் பிடிக்க வட்டமாகச் சுற்றிய மெல்லிய சுருள்வில் ஒன்று. சீல் என்பது இவ்வளவே. ஆனால் இந்த எளிய பொருளுக்குள் ஒளிந்திருக்கும் விஞ்ஞானம் எளியதன்று. உதடு அச்சை இறுக அழுத்தி அடைப்பதால்தான் எண்ணெய் நிற்கிறது என்று நாம் எண்ணுவோம். இங்கிலாந்தில் ஜாகர் என்னும் ஆராய்ச்சியாளர் 1957-இல் வெளியிட்ட கட்டுரை வேறு கதை சொல்லிற்று. சுழலும் அச்சுக்கும் உதட்டுக்கும் இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் நிலவுகிறது. உதடு அதன்மேல் மிதக்கிறது. எண்ணெய் இருக்கும் பக்கம் உதட்டின் சரிவு செங்குத்தாகவும், காற்றுப் பக்கம் சாய்வாகவும் அமைந்திருப்பதால், வெளியே நழுவப் பார்க்கும் எண்ணெய் மீண்டும் உள்ளே தள்ளப்படுகிறது. காவலன் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கவில்லை; வெளியேறுபவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறான்!

மற்றொரு செய்தியும் கேளுங்கள். ஜெர்மனியின் வைன்ஹைம் நகரத்தில் 1849-இல் தொடங்கிய ஃபிராய்டன்பர்க் நிறுவனம் தோல் பதனிடும் தொழிலில் பிறந்தது. 1929-இல் அது தோலாலான சீல்களைச் செய்யத் தொடங்கிற்று. பின்னர் தோலின் இடத்தைச் செயற்கை ரப்பர் பிடித்தது. இன்று உலகெங்கும் பெயர் பெற்ற சீல்களுக்கு மூலம் தோல் பதனிடுவோரின் கைப்பழக்கம்! எந்தத் தொழிலை நாம் ஊரின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தோமோ, அந்தத் தொழிலிலிருந்தே பிறந்தது இந்த நுட்பம்.

சீல் ஏன் ஒழுகுகிறது? 'பழையதாகிவிட்டது' என்பது சோம்பேறியின் விடை. எங்கள் தோட்டத்து யந்திரத்துக்கு முன்பே இருமுறை புதிய சீல் போட்டிருக்கிறார்கள். இருமுறையும் மீண்டும் ஒழுகிற்று. நானும் விடுதி நண்பர் மூவரும் கடைத்தெருவில் உள்ள பழைய மெக்கானிக் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதற் கேள்வி, "பிரீத்தரைத் திறந்து பார்த்தார்களா, பாபு?" என்பதுதான்.

பிரீத்தர் என்பது கியர் பெட்டியின் மூச்சுத் துளை. யந்திரம் ஓட ஓட உள்ளே சூடு ஏறுகிறது. காலையில் 30 டிகிரி இருந்த காற்று 60 டிகிரி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூச்சுத் துளை அடைபட்டிருந்தால் அந்தக் காற்று விரிய இடமில்லை. அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும். அதாவது, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 100 கிராம் எடை வைத்தாற் போன்ற அழுத்தம். அது எண்ணெயை எங்கே தள்ளும்? இருப்பதிலெல்லாம் மெலிந்த இடமாகிய ரப்பர் உதட்டின் வழியேதான். பள்ளியிறுதி வகுப்பில் நாம் உருப்போட்ட வாயு விதி இது. அதைத் தேர்வுத் தாளில் எழுதிவிட்டு மறந்தோம். பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாத அந்த மெக்கானிக் அதை நாள்தோறும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். நம் இருவரில் பௌதிகம் அறிந்தவர் யார்?

திறந்து பார்த்தோம். மூச்சுத் துளையைக் காய்ந்த சேறு கல்லாக அடைத்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் கழுவினோம். சக்கரத்தைக் கழற்றியபோது அச்சைச் சுற்றி வைக்கோலும் நைலான் நூலும் கயிறாக முறுக்கிக்கொண்டு உதட்டை அரித்திருந்தன. அச்சின்மேல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் ஒரு பள்ளமும் இருந்தது. மெல்லிய ரப்பர் கடினமான எஃகைத் தேய்க்குமா என்று வியக்கலாம். ரப்பரில் பதிந்த மணல் துகளே அரமாகிவிடுகிறது. பள்ளத்தின் மேலேயே புதிய சீலை அமர்த்தினால் அது மறுபடியும் ஒழுகத்தான் செய்யும். ஆதலால் உதடு வேறிடத்தில் படியுமாறு சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அமர்த்தினோம். தள்ளி அமர்த்த இடமில்லாத யந்திரங்களில், ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனமுள்ள துருப்பிடிக்காத எஃகு உறையை அச்சின்மேல் அணிவிப்பதும் உண்டு.

சீல் வாங்க யந்திரத்தின் பெயர்கூடத் தேவையில்லை. அச்சின் குறுக்களவு, அது அமரும் குழியின் குறுக்களவு, சீலின் தடிப்பு என்னும் மூன்று அளவு போதும். பழைய சீலின் முகத்திலேயே அவை பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தப் பொது அளவுகளின் பயனை அமெரிக்காவிலும் காணலாம். அங்கே இந்தியானா மாநிலத்தின் சௌத் பெண்ட் நகரில் 1946-இல் தொடங்கிய 'வீல் ஹார்ஸ்' நிறுவனத்தின் தோட்ட டிராக்டர்களையும், 1960-இல் வெளிவந்த 'கப் கடெட்' டிராக்டர்களையும் இன்றும் அச்சு சீல் மாற்றி ஓட்டுகிறார்கள். வீல் ஹார்ஸ் நிறுவனம் 1986-இல் டோரோ நிறுவனத்தின் கைக்குப் போனது. செய்தவர் கைமாறினாலும் யந்திரம் சாகவில்லை. அதை அறிந்த கைகள் இருந்தமையே காரணம்.

எங்கள் யந்திரத்தில் அச்சின் வெளிநுனி ஆறு பட்டையாக இருந்தது. அந்த விளிம்புகள் புதிய உதட்டைக் கீறிவிடாதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, உதட்டுக்குச் சிறிது எண்ணெய் தடவி, சுருள்வில் உள்ள பக்கம் எண்ணெயை நோக்குமாறு வைத்து, மரக்கட்டையால் நாற்புறமும் சமமாகத் தட்டி அமர்த்தினோம். ஆன செலவு, நால்வரும் கான்டீனில் ஒரு வேளை உண்ணும் செலவுக்கு மிகுந்ததன்று. ஆன நேரம் ஒரு ஞாயிற்றுக் கிழமை. அதன்பின் ஒரு பருவம் முழுவதும் உழுதாயிற்று. அச்சருகே ஈரம் இல்லை.

இருந்தும் அதன் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது! ஒழுகுவது நின்றுவிட்டது என்று எழுதிக் கையெழுத்திட எவருக்கும் அதிகாரம் இல்லையாம். கழிப்பதற்கு ஒரு படிவம் உண்டு. காப்பதற்குப் படிவம் இல்லை. நண்பர்களே, இங்கே ஒழுகுவது எண்ணெய் மட்டுமா?

'ஆராய்ச்சி மாணவனுக்கு இது வேலையா? அதற்கென்று ஆட்கள் இல்லையா?' என்று கேட்பார் உண்டு. ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நாம்தான் கற்க வேண்டும். காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் மாற்றினால் பயனில்லை என்பதை ஆராய்ச்சிக் கூடத்தில் நூறு முறை கேட்கிறோம். சீலை மாற்றி மூச்சுத் துளையை மறந்த யந்திரம் அதை ஒரே முறையில் கற்பித்துவிடும். பழையதெல்லாம் காக்கத் தக்கது என்றும் நான் சொல்லவில்லை. கியர் பெட்டியே வெடித்த யந்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுவது அறிவுடைமையன்று. பார்த்துவிட்டுக் கழியுங்கள், பாராமல் கழிக்காதீர்கள் என்பதே என் வழக்கு.

இது நம் வளாகத்தோடு நின்றுவிடும் பேச்சும் அன்று. 2022 ஜூலையில் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் வேளாண் கருவிகளும் அடங்கும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-இல் உழவர்க்கு இந்த உரிமையைச் சட்டமாகவே வழங்கிற்று. நன்று, வரவேற்போம். ஆயினும் ஒன்று கேட்கிறேன். உரிமை வந்தபின் அதைப் பயன்படுத்தக் கை வேண்டாமா? திருப்புளியைத் தொட்டறியாத தலைமுறைக்குப் பழுது பார்க்கும் உரிமை, படிக்கத் தெரியாதவனுக்குக் கொடுத்த நூலகச் சீட்டு அல்லவா?

தமிழகத்திலிருந்து வந்தவர் நாம். கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடு எந்தக் கல்லூரிப் பட்டமும் பெற்றவர் அல்லர். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அக்கக்காகப் பிரித்து, மீண்டும் பூட்டிக் கற்றவர். அவரும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து 1937-இல் மின்சார மோட்டாரை உருவாக்கினார்கள். அதன் பிறகு கோவை மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்ற ஊராயிற்று. அயலூரில் நின்று அவர் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். பெருமை பேசுவதற்கு நாக்கு போதும். பின்பற்றுவதற்குக் கை வேண்டும்.

ஆதலால் மன்றத்தின் முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று: ஏலத்துக்கு முன் கழிவுப் பொருள்களை ஒரு நாள் மாணவர் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மன்றத்தின் பெயரால் விண்ணப்பம் எழுதுவோம், அதில் முதல் வரியாகச் சோதனைத் தோட்டத்துப் பவர் டில்லரின் பெயரைக் குறிப்போம். இரண்டு: மன்ற அறையின் ஒரு மூலையில் ஒரு மேசையும் கொஞ்சம் கருவிகளும் வைப்போம். மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த மெக்கானிக்கை அழைத்து, பேராசிரியர்க்கு இடும் நாற்காலியை அவர்க்கு இட்டு, அவர் சொல்வதைக் கேட்போம். மொழி தடையாகுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. சீலையும் அச்சையும் கையில் வைத்துக்கொண்டு பேசுபவர்க்கு மொழி வெகுவாகத் தேவைப்படுவதில்லை.

ஏலத்திற்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. விண்ணப்பத்தின் நகல் மன்றச் செயலாளரிடம் இருக்கிறது. கையெழுத்திட வரும் நண்பர்கள் ஒரு முறை தோட்டத்துப் பக்கம் போய், அந்த அச்சருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வருக. விரலில் எண்ணெய் ஒட்டினால் கையெழுத்திட வேண்டாம்.