சட்டாம்பிள்ளை வேண்டாம்

போன மாதம் ஒரு நாள் இரவு, பெருங்களத்தூரில் எங்கள் எதிர் வீட்டுக்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"சார், நீங்களாவது இந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்லக் கூடாதா? தன் படிப்பைப் பார்க்கச் சொன்னால், ஊரார் பிள்ளைகளுக்குத் தாயாக இருக்கக் கிளம்பிவிட்டாள்!"

விஷயம் இதுதான். அவருடைய மகள் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். புதிதாகச் சேர்ந்த மாணவிகளில் ஆறு பேருக்கு அவள் 'மென்டர்'. மூத்தவள் இளையவளுக்கு வழித்துணையாக இருக்க வேண்டும். நூலகத்தில் எப்படிப் புத்தகம் வாங்குவது, அரியர் விழுந்தால் என்ன செய்வது, உதவித்தொகைப் படிவத்தை எந்த ஜன்னலில் நீட்டுவது என்று சொல்லித் தர வேண்டும். சம்பளம் கிடையாது. மார்க்கும் கிடையாது. தகப்பனாரின் ஆட்சேபமே அதுதான்.

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் பாட்டிகள் சொல்லவில்லையா?" என்றேன். அவர் திருப்தியில்லாமல் திரும்பிப் போனார்.

அவரிடம் நான் சொல்லாத ஒன்றை வாசகர்களிடம் சொல்லிவிடுகிறேன். நான் பட்டதாரி அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்தேன். தமிழில் படித்து வந்த பையன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இரண்டாம் வருஷம் மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதத்துக்கு மேல் படுத்துவிட்டேன். திரும்பிப் போனபோது, வருகை குறைந்ததால் தேர்வு எழுதத் தகுதியற்றவர்கள் என்று பலகையில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. அதில் என் பெயரும் இருந்தது. பார்த்தேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன். மருத்துவச் சான்றிதழைக் காட்டி ஒரு சிறு கட்டணம் கட்டினால் அந்தக் குறையை மன்னிப்பார்கள் என்பது எனக்குத் தெரிய வந்தபோது பத்து வருஷம் ஆகியிருந்தது. விடுதியில் என் அறைக்கு மேல் மாடியில் இருந்த மூன்றாம் வருஷத்துக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அவர்களிடம் நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? 'சீனியர்' என்றால் எங்களுக்குப் பயம். அவ்வளவுதான்.

ஆகவே அந்தப் பெண் ஏற்றுக்கொண்ட வேலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நான் சண்டை போட வந்தது அந்த வேலையோடு அல்ல.

மறுநாள் மாலை அவளே வந்தாள். கையில் ஒரு படிவம். "மாமா, வாராவாரம் இதை நிரப்பித் தரணுமாம். நீங்களே பாருங்க" என்றாள். பார்த்தேன். ஆறு பேரில் யார் வகுப்புக்கு மட்டம் போடுகிறாள், யார் எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறாள், யார் எந்தப் பையனோடு பேசுகிறாள்! மேலே 'ரகசியம்' என்று வேறு அச்சிட்டிருந்தது.

இதற்கு 'மென்டர்' என்று பெயர் வைத்தால் மட்டும் புதுச் சரக்காகிவிடுமா? நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதானே இது! அந்தச் சட்டாம்பிள்ளைக்குச் சீமை வரை போன சரித்திரம் உண்டு. 1789-ல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்று நடத்தினார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக் கொடுக்கும் முறையைத் தம் பள்ளியில் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஏன் பரவியது? அன்பினால் மட்டுமல்ல, செலவு குறைவு. ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம்.

இன்றும் அந்தச் சிக்கன புத்திதான் வேலை செய்கிறது என்பது என் குற்றச்சாட்டு. மனநல ஆலோசகரை நியமித்தால் சம்பளம் தர வேண்டும். விடுதிக் காப்பாளரைக் கூட்டினால் சம்பளம் தர வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண்ணின் சட்டையில் ஒரு பேட்ஜைக் குத்திவிட்டால் இரண்டு வேலையும் இலவசமாக முடிந்துவிடும் அல்லவா?

இந்த ஏற்பாடு எந்தக் கண்ணீரிலிருந்து பிறந்தது என்பதையாவது கல்லூரிக் கனவான்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதல் வருஷ மாணவன் நாவரசு, மூத்த மாணவன் ஒருவனால் கொலையுண்டான். தமிழ்நாடே பதறியது. 1997-ல் ராகிங்கைத் தடை செய்து இங்கே சட்டம் வந்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் இன்னொரு மருத்துவ மாணவன் ராகிங்குக்குப் பலியானான். அதே வருஷம் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிமுறைகள் வகுத்தது. அவற்றில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு கல்லூரியிலும், தாமே முன்வரும் மாணவர்களைக் கொண்டு ஒரு வழிகாட்டிக் குழு அமைக்க வேண்டும். புதியவர்கள் ஆறு பேருக்கு ஒரு மென்டர். அப்படிப்பட்ட ஆறு மென்டர்களுக்கு மேல் வகுப்பு மென்டர் ஒருவர்.

இந்த விதியின் அழகைப் பாருங்கள். மூத்தவனைக் கண்டு இளையவன் நடுங்கிய இடத்தில், இளையவனுக்கு மூத்தவனையே துணையாக நிறுத்துகிறது. அதோடு விடவில்லை. துணைக்குப் போகிறவனுக்கும் ஒரு துணை வேண்டும் என்று நினைத்திருக்கிறது. எதிர் வீட்டுப் பெண்ணிடம், "உனக்கு மேலே யாரம்மா?" என்று கேட்டேன். "யாரும் இல்லை மாமா. படிவம் வாங்குகிற கிளார்க் இருக்கார்" என்றாள்.

"அப்படியானால் எதையுமே மேலே சொல்லக் கூடாதா? ஒரு பெண் உயிரை விடுவதாகச் சொன்னால்கூடவா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் கிடையாது. உடனே பொறுப்புள்ள பெரியவர் ஒருவரிடம் ஓட வேண்டும். 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணை அழைக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண் வைத்தியர் அல்ல. அந்தச் சுமையைத் தனியாகச் சுமக்கவும் கூடாது. 'இந்த ஒன்றை மட்டும் நான் சொல்லியே தீருவேன்' என்று முதல் நாளே அந்த ஆறு பேரிடமும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உயிரைக் காப்பாற்றச் சொல்வது வேறு. யார் எவனோடு சிரித்தாள் என்று வாராவாரம் எழுதிக் கொடுப்பது வேறு. முன்னதைச் செய்தால் நம்பிக்கை வளரும். பின்னதைச் செய்தால், உயிருக்கே ஆபத்து வந்தாலும் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். வேவு பார்க்கிறவளிடம் யார் அழுவார்கள்?

நான் கேட்பது அதிகமில்லை. மார்க்கைப் பார்த்துப் பிடித்துப் போடாதீர்கள். விரும்பி வருகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று இரண்டு நாளாவது உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் போய்ப் பேச ஒரு பெரியவரை, சம்பளம் கொடுத்து, நியமியுங்கள். அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள்.

இதற்குள் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆறு பேரில் ஒருத்தி, இங்கிலீஷில் நடக்கும் பாடம் ஒன்றும் புரியவில்லை என்று, டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விடத் தீர்மானித்திருந்தாள். இவள் அவளைத் தடுத்து, தினமும் மாலையில் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைத் தமிழில் சொல்லிக் கொடுத்து வருகிறாள். அந்தப் பெண் இன்னும் கல்லூரியில்தான் இருக்கிறாள். இதை எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

எதிர் வீட்டுப் பெண் படிவத்தை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பேட்ஜைப் பறித்துக்கொள்வார்களோ என்று அவள் தகப்பனார் இப்போது கவலைப்படுகிறார், ஆம், அவரேதான்! பறித்தால் பறிக்கட்டும் ஐயா. அந்த ஆறு பெண்களுக்கும் அவள் வீட்டுக்கு வழி தெரியும்.